எலி முகம் கழுவினால் அதற்கு ஆட்டிசமா?

சந்தேகசாமி:
மருமகன் கல்லூரி செமினாருக்குத் தயாரித்த ஸ்லைடுகளை நேற்று பார்த்தேன். "ஆட்டிசம் எலி" என்று ஒரு தலைப்பு. கீழே கறுப்பு முதுகும் பழுப்பு வயிறுமாக ஒரு சுண்டெலி. பிடிபிஆர் என்ற உட்கலப்பு ரகமாம். உட்கலப்பு என்றால் 20 தலைமுறைக்குக் குறையாமல் உடன்பிறந்தவற்றையே இணைசேர்த்து உருவாக்குவது. இந்த எலி மற்ற எலியோடு ஒட்டாது, ஓயாமல் உடம்பை நக்கிக்கொண்டிருக்கும். அதனால் ஆட்டிசம் போன்றது என்கிறார்கள். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசமே இதற்குப் பிறவியிலேயே கிடையாது. ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கிறதே! இது அறிவியலா, பெயர் வைத்துப் பிழைப்பதா?

கூண்டறை:
அண்ணா, "ஆட்டிசம் எலி" என்பது ஸ்லைடு பாஷை. கட்டுரைகளில் "ஆட்டிசம் போன்ற நடத்தை" என்றுதான் எழுதுவார்கள்.

இந்த எலிகளோடு ஆறு மாதம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். மூன்று அறைப் பெட்டி ஒன்று உண்டு. எலிகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி ஜாக்குலின் கிராலியின் குழு 2004-ல் பிரபலமாக்கிய சோதனை. ஒரு பக்க அறையில் பேனா வைக்கும் கம்பிக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே அறிமுகமில்லாத எலியை வைப்போம். மறுபக்கம் காலிக் கூடை. நடு அறையில் நம் எலி. ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் சி57 ரகம் என்றால் கம்பிக்கு நடுவே மூக்கை விட்டு அந்த எலியையே மோந்துகொண்டிருக்கும். பிடிபிஆர் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் செலவிடும். அப்புறம் தனிக் கூண்டில் விட்டால் முன்னங்காலை நக்கி மூக்கிலிருந்து காது வரை தேய்க்கும், விலாவுக்குப் போகும், திரும்ப மூக்கு. ஸ்டாப்வாட்சை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மரத்துப்போகும்.

கார்பஸ் கலோசம் விஷயத்தையும் சோதித்தாயிற்று. 2009-ல் கிராலி குழுவே சி57 குட்டிகளுக்கு ஏழாம் நாளில் அதை வெட்டிப் பார்த்தது. வளர்ந்த பிறகும் அவை நன்றாகவே பழகின. ஆகவே அந்தக் குறையை மட்டும் காட்டி ரகத்தையே தள்ளிவிட முடியாது.

சந்தேகசாமி:
சரி, ஏழாம் நாளில் வெட்டுவதும் கருவிலேயே உருவாகாமல் போவதும் ஒன்றா?

கூண்டறை:
ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உட்கலப்பின் பயனைப் பாருங்கள். எல்லா எலியும் ஒரே அச்சு. பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர் கொடுத்தால், வித்தியாசத்துக்கு மரபணுவைக் குறைசொல்ல முடியாது.

சந்தேகசாமி:
அந்த அச்சுதான் எனக்கு உறுத்துகிறது. முப்பது எலியைச் சோதிப்பது ஒரே ஆளை முப்பது முறை சோதிப்பது மாதிரி. அதிலும் முடிவு நிலையாக இருக்கிறதா? 1999-ல் ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லண்டு என மூன்று ஊர்களில் ஒரே ரகங்களை, ஒரே கருவியில், ஒரே நேரத்தில் சோதித்தார்கள். சில சோதனைகளில் ஊருக்கு ஊர் முடிவு மாறியது. எட்மன்டனில் சோதித்த ஒருவருக்கு எலி என்றாலே ஒவ்வாமை, மூச்சுக் கவசம் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார். எலி அவரைப் பார்த்து என்ன நினைத்ததோ!

நிலாவின் அம்மா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உண்டு. யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய் "உங்க வீட்டுல எத்தனை ஃபேன்?" என்று கேட்பாள். உங்கள் பெட்டியில் விட்டால் அவள் நேராகக் கம்பிக் கூடைக்குத்தான் போவாள். சந்தோஷம் வந்தால் கையை உதறுவாள். முகம் தேய்க்கும் எலி சந்தோஷத்தில் தேய்க்கிறதா, பயத்திலா?

இன்னொன்று. ஆர்பாக்லோஃபென் மருந்து பிடிபிஆர் எலியிடம் நன்றாக வேலை செய்தது என்று 2015-ல் கட்டுரை வந்தது. ஆட்டிசம் உள்ள 150 பேரிடம் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. முக்கிய அளவுகோலில் போலி மருந்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. எங்களைப் போன்றவர்கள் எலிச் செய்தி வரும்போதெல்லாம் ஏமாந்துபோகிறோம், தம்பி.

கூண்டறை:
அக்கா, அந்த ஆய்வில் மருத்துவர்களின் பொது மதிப்பீட்டில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் முக்கிய இலக்கு தவறியது தவறியதுதான். எலி எதனால் தேய்க்கிறது என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. நான் எண்ணியது விநாடிகளை மட்டும்.

ஒன்று சொல்கிறேன். 2011-ல் பிடிபிஆர் குட்டிகளைப் பால்குடி மறந்ததும் சி57 குட்டிகளோடு ஒரே கூண்டில் வளர்த்தார்கள். பெரிதானதும் அவை மற்ற எலியைத் தேடிப் போயின. மருந்தே இல்லை.

நிலாவின் அம்மா:
இது ஏன் ஸ்லைடில் இல்லை?

சந்தேகசாமி:
மருமகனிடம் கேட்கிறேன். ஆனால் அம்மா, இதுவும் அதே எலிதான், அதே பெட்டிதான். பிடித்த முடிவு என்றால் எலியை நம்பலாமா?

நிலாவின் அம்மா:
நம்புகிறேன் என்று நான் சொல்லவில்லையே, சார். ஏன் போடவில்லை என்றுதான் கேட்டேன்.