இங்கிலாந்தில் வாடகை வீடு: ‘லேசா’ என்பதற்கு ‘ஸ்மால்’ என்று எழுதாதீர்கள்

சேலம் பக்கமிருந்து புதிதாக வந்திருப்பவர்களுக்கு. இங்கே சாவி கொடுக்கும்போதே வீட்டின் நிலையைக் குறித்து ‘இன்வென்டரி’ ஒன்று தருவார்கள். அதில் விட்டுப்போனதை நாம் எழுதிச் சேர்க்கலாம். காலி செய்யும்போது அதை வைத்துத்தான் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

என் முதல் வீட்டு வாஷ்பேசினில் தலைமுடி கிடக்கிற மாதிரி ஒரு விரிசல். துடைத்துப் பார்த்த பிறகுதான் விரிசல் என்றே தெரிந்தது. ‘ஸ்மால் கிராக்’ என்று எழுதினேன். போகும்போது ஏஜென்ட் டேப்பை வைத்து அளந்தார், ஒரு சாண் நீளம். “சின்னது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அப்போ இது நீங்கள் பண்ணியதுதான்” என்றார். பணம் போச்சு. நான் எழுதியிருக்க வேண்டியது ‘ஹேர்லைன் கிராக்’. எவ்வளவு நீளமானாலும் மெல்லியதாக இருந்தால் அதுதான் பெயர்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று, வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேட்டூர் அணைத் தண்ணீரைக் காட்டுவார்களே, “உத்துப் பாரு, தெரியுது” என்று? 120 அடி வரை தண்ணீர் தேக்கும் அணை, சின்னதா என்ன? நம் கண்ணுக்குத்தான் மங்கல். அதற்கு ‘யூ கேன் ஜஸ்ட் மேக் இட் அவுட்’ என்பார்கள். தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் கறை ‘ஃபெயின்ட் ஸ்டெய்ன்’. அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து இழை விட்ட இடம் தேடுவோம் இல்லையா, அப்படிச் சாய்த்தால் மட்டும் தெரிகிற கீறலுக்கு ‘ஒன்லி விசிபிள் அட் அன் ஆங்கிள்’. இதையெல்லாம் போட்டோவோடு அன்றைக்கே மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் டாக்டரிடம் போனால் கொஞ்சம் கவனம். ‘ஃபெயின்ட் ராஷ்’ என்றால் மங்கலாகத் தெரியும் தடிப்பு. ‘ஐ ஃபீல் ஃபெயின்ட்’ என்றாலோ மயக்கம் வருகிறது என்று அர்த்தம், உடனே உட்கார வைத்துவிடுவார்கள். நம் மாநிறத்தில் தடிப்பின் சிவப்பு சட்டென்று தெரியாது. வெட்கப்படாமல் ‘இட்ஸ் ஹார்டர் டு சீ ஆன் மை ஸ்கின்’ என்று சொல்லி, தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் பேசும்போது இதைச் சொல்வது ரொம்பவே முக்கியம்.

இன்னொன்று. நுணுக்கமானதைச் சொல்லும் ‘subtle’ என்ற வார்த்தையில் ‘பி’ ஒலிக்காது, ‘சட்டில்’தான். நான் இரண்டு வருடம் ‘சப்டில்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், ஆபீஸில் ஒருத்தரும் திருத்தவில்லை.