ஏர் ஃப்ரையர் வாங்கினால் ஓவனைக் கொடுத்துவிடலாமா? ஒன்றுக்குத்தான் இடமிருக்கிறது

இடமில்லாச் சமையலறை:
வணக்கம். அடுத்த மாதம் சின்ன வீட்டுக்கு மாறுகிறோம், மேடையில் ஒரு பெட்டி வைக்கத்தான் இடம். இப்போது இருப்பது 40 லிட்டர் ஓவன், ஒன்பது வருடமாக உழைக்கிறது, கதவு ரப்பர் மட்டும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு 5 லிட்டர் ஏர் ஃப்ரையர் வாங்கலாம் என்று வீட்டில் ஒரு கட்சி. கூடாது என்று நான் ஒரு கட்சி, ஆனால் ஏன் கூடாது என்று கேட்டால் எனக்கே உருப்படியாகச் சொல்ல வரவில்லை. இரண்டு பேர்தான். வார நாட்களில் காய், கோழி, மிச்சம் மீதியைச் சூடாக்குவது. மாதத்தில் இரண்டு தடவை கேக், எப்போதாவது பிரெட். இரண்டையும் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். (தயவுசெய்து ஓவனை 'அவன்' என்று எழுதாதீர்கள், போன தடவை எந்த அவன் என்று புரியாமல் பாதி பேர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.)

மொறுமொறு:
யோசிக்கவே வேண்டாம், கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்து இரண்டு வருடமாகிறது, ஒரு நாள்கூடத் தேடவில்லை. ஓவன் சூடாவதற்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம், அதற்குள் இங்கே உருளைக்கிழங்கு பாதி வெந்து ஓரம் சிவக்க ஆரம்பித்திருக்கும். நேற்றைய பீட்ஸா துண்டை நாலு நிமிடம் வைத்தால் அடிப்பக்கம் திரும்ப மொறுமொறுப்பாகிறது, மைக்ரோவேவில் வைத்தால் ஈரத்துணி மாதிரி தொங்கும். உண்மையைச் சொன்னால் என் ஓவன் கடைசி ஆறு மாதம் வாணலி அடுக்கும் அலமாரியாகத்தான் இருந்தது.

மாவுக்கை:
அலமாரியாக வைத்திருந்தவருக்கு அலமாரி போனதில் என்ன நஷ்டம்! ஆனால் அவர் கேக் சுடுகிறவர், தம்பி.

நானும் இந்த ஆசையில் ஒரு தடவை விழுந்தேன். மூன்று முட்டை போட்ட சாதாரண கேக், 18 சென்டிமீட்டர் டின், ஏர் ஃப்ரையரில் 160 டிகிரி. பதினைந்தாவது நிமிடம் திறந்து பார்த்தால் மேலே கரும்பழுப்பு, நடுவில் எரிமலை மாதிரி வெடிப்பு, குச்சியை விட்டால் மாவு அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது. சரி, மேலே ஃபாயில் போட்டு மூடுவோம் என்று போட்டேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, உள்ளே கடகடவென்று சத்தம். ஃபேன் ஃபாயிலை உறிஞ்சி மேலே கம்பியோடு ஒட்ட வைத்திருக்கிறது. அன்றைக்கு அந்தக் கேக்கை ஸ்பூனால்தான் சாப்பிட்டோம்.

மொறுமொறு:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது இயந்திரத்தின் தப்பில்லை. ஓவன் குறிப்பை அப்படியே போட்டால் மேலே கருகத்தான் செய்யும். 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும், ஃபாயிலை டின்னின் விளிம்புக்குக் கீழே மடித்து இறுக்க வேண்டும். நான் சின்னக் கப்களில் ஊற்றிச் சுடுகிறேன், பன்னிரண்டு பதிமூன்று நிமிடத்தில் ஒழுங்காக உப்பி வருகிறது.

மாவுக்கை:
180 சொல்லும் குறிப்பைக் குறைத்துத்தான் 160 வைத்தேன். அப்புறம், கப்பில் சுட்டால் அது கப் கேக். நான் கேட்டது கேக்.

திருகாணி:
சமையல் எனக்கு வராது, ஆனால் இரண்டையும் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்ப்பது தொழில். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே சாமான்தான்: சூடாகும் கம்பி, ஒரு ஃபேன், ஒரு தெர்மோஸ்டாட். ஏர் ஃப்ரையரில் 'ஃப்ரை' எதுவும் நடப்பதில்லை, அது ஃபேன் வைத்த குட்டி ஓவன். ஃபேன் ஓவன் ஒன்றும் புதுசில்லை, 1945 வாக்கிலேயே அமெரிக்காவில் மாக்ஸன் என்பவர் விமானத்தில் உறைந்த சாப்பாட்டைச் சூடாக்க ஒன்று செய்திருந்தார். பிலிப்ஸ் 2010இல் அதைக் கூடைக்குள் அடக்கி 'ஏர் ஃப்ரையர்' என்று பெயர் வைத்துக் கொண்டுவந்த பிறகுதான் எல்லார் வீட்டுக்கும் வந்தது.

அப்படியானால் ஏன் அது மொறுமொறுப்பாக்குகிறது, ஓவன் ஆக்குவதில்லை? சூட்டில் இருக்கும் எந்தப் பண்டத்தைச் சுற்றியும் அதிலிருந்தே கிளம்பிய ஈரமான, கொஞ்சம் குளிர்ந்த காற்று ஒரு போர்வை மாதிரி நிற்கும். அந்தப் போர்வை இருக்கும்வரை மேற்பரப்பு காயாது. காயாத இடம் 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணம் வருவதற்கு 140க்கு மேல் போக வேண்டும். ஏர் ஃப்ரையரில் ஃபேன் தலைக்கு நேர் மேலே, பெட்டியும் சின்னது, அதனால் காற்று அந்தப் போர்வையை விடாமல் உருவிக்கொண்டே இருக்கிறது. கோழித் தோலுக்கு இது வரம். கேக்குக்கு இதுவே சாபம், ஏனென்றால் உள்ளே இருப்பது உப்பி முடிப்பதற்குள் மேலே ஓடு கட்டிவிடுகிறது, உப்பும் மாவு வழி இல்லாமல் நடுவில் பிளக்கிறது. அக்கா பார்த்த எரிமலை அதுதான்.

ஓவனில் ஃபேனை அணைத்து, கீழ்க் கம்பியை மட்டும் எரிய விடலாம். நான் பார்த்த பெரும்பாலான கூடை மாடல்களில் கீழே கம்பியே கிடையாது, ஃபேனை நிறுத்தவும் முடியாது. நான் சொல்வேன், கேள்வி லிட்டரைப் பற்றியதே இல்லை, அந்த ஃபேன் சுவிட்சைப் பற்றியது.

பசிக்கிறது:
கோழித் தோலுக்கு வரம் என்பதோடு நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

கணக்கன்:
லிட்டர் பற்றி இல்லை என்று திருகாணி சார் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லிட்டரே ஏமாற்று வேலைதான், ஆனால் பரப்பு ஏமாற்றாது. 5 லிட்டர் கூடையின் அடிப்பகுதி சுமார் 20க்கு 20, அதாவது 400 சதுர சென்டிமீட்டர். 40 லிட்டர் ஓவன் தட்டு 38க்கு 28 என்றால் 1064. காற்று பட வேண்டும் என்பதால் கூடையில் ஒரே அடுக்காகத்தான் பரப்ப முடியும், குவித்தால் நடுவில் இருப்பது அவிந்துதான் போகும். ஆக ஒரு தட்டு வேலைக்கு மூன்று கூடை.

மின்சாரக் கணக்கும் இங்கேதான் புரளும். 1500 வாட் ஏர் ஃப்ரையர் 20 நிமிடம் ஓடி, அதில் முக்கால்வாசி நேரம் கம்பி எரிகிறது என்று வைத்தால் 0.38 யூனிட். 1800 வாட் ஓவன் 12 நிமிடம் முழுசாக எரிந்து சூடாகி, அப்புறம் 35 நிமிடம் பாதி நேரம் எரிகிறது என்றால் 0.36ம் 0.53ம் சேர்த்து 0.89. இரண்டு பேர் சாப்பாட்டுக்கு ஏர் ஃப்ரையர் பாதிக்கும் குறைவு. ஆறு பேர் வந்து மூன்று கூடை போட்டால் 1.14, ஓவன் ஜெயித்துவிடும். அதோடு மூன்றாவது கூடை வெளியே வரும்போது முதல் கூடை ஆறிப்போய் உட்கார்ந்திருக்கும், அதற்கு யூனிட் கணக்கு கிடையாது.

மொறுமொறு:
கணக்கு சரி. ஆனால் கேட்டவர் வீட்டில் இரண்டு பேர்! விருந்தாளி வரும் நாளுக்காக வருடம் முழுக்க அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுமப்பதா? வெயில் நாளில் ஓவன் போட்டால் சமையலறையே ஓவனாகிவிடுகிறது, அதைக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. கழுவுவதும் அப்படித்தான், கூடையை எடுத்தேனா, தொட்டியில் போட்டேனா, முடிந்தது. ஓவன் சுவரில் தெறித்த கொழுப்பை நீங்கள் கடைசியாக எப்போது தேய்த்தீர்கள், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

மாவுக்கை:
இதற்கு நான் பதில் சொல்ல மறுக்கிறேன்.

திருகாணி:
கூடையைக் கழுவுகிறவர்கள், பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து மேலே இருக்கும் கம்பியை ஒரு நாளாவது பார்த்திருக்கிறீர்களா? என்னிடம் 'புகை வருகிறது' என்று வரும் ஏர் ஃப்ரையர்களில் முக்கால்வாசிக்கு வியாதி இதுதான். கொழுப்பு ஃபேனோடு சுழன்று கம்பியில் படிந்து, அடுத்த தடவை சூடானதும் எரிகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக ஆறிய பிறகு, மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். கொழுப்பு அதிகமான இறைச்சி போடும்போது தட்டுக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தாலும் புகை குறையும், உங்கள் மாடலின் கையேடு அனுமதித்தால்.

இன்னொன்று, கூடைப் பூச்சு. டெஃப்லான் வகைப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் போனால்தான் சிதையத் தொடங்கும், இவை வழக்கமாக 200இல் நின்றுவிடும், அதனால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் இரும்புக் கரண்டியால் சுரண்டி அது உரிந்து வந்துவிட்டால் கூடையையே மாற்ற வேண்டும். ஓவன் தட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இலைச்சாறு:
எல்லாரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஏர் ஃப்ரையரில் எண்ணெய் வேண்டாம், அதனால் ஆரோக்கியம். அதற்காகவே வாங்கலாம்.

கணக்கன்:
எண்ணெயில் முக்கிப் பொரிப்பதோடு ஒப்பிட்டால் சரி. இங்கே ஒப்பிடுவது ஓவனோடு. ஓவனில் யாராவது எண்ணெயில் மிதக்கவிட்டா சுடுகிறார்கள்? இரண்டிலும் ஒரே ஒரு ஸ்பூன்தான். உருளைக்கிழங்கு மாதிரி மாவுப் பண்டங்களில் 120 டிகிரிக்கு மேல் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகும், ஸ்வீடன்காரர்கள் 2002இல் இதைக் கண்டு சொன்னார்கள். எந்தப் பெட்டியில் வைத்தாலும் கரும்பழுப்பாக விட்டால் அது அதிகமாகத்தான் செய்யும். நறுக்கிய கிழங்கைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். இதற்கும் இந்த இரண்டு பெட்டிச் சண்டைக்கும் சம்பந்தமில்லை.

மாவுக்கை:
பிரெட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பிரெட் ஓவனுக்குள் போன முதல் பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே ஈரம் வேண்டும். மேல்தோல் இளகி இருந்தால்தான் மாவு விரியும், விரிந்த பிறகுதான் தோல் காய வேண்டும். நான் கனமான இரும்புப் பானையை 230இல் காய வைத்து, மாவை உள்ளே இறக்கி மூடிவிடுவேன், மாவின் நீராவியே போதும். மூடியைத் திறக்கும்போது மேல் கீறல் அப்படியே காது மாதிரி எழுந்து நிற்கும். இந்த 200 டிகிரி, ஓயாத ஃபேன், இதில் அது எப்படி நடக்கும்?

மொறுமொறு:
சின்ன மூடிப் பாத்திரம் வைத்து ஏர் ஃப்ரையரிலேயே செய்கிறார்கள் அக்கா.

மாவுக்கை:
பாத்திரம், மூடி, மூடியின் பிடி, மூன்றும் சேர்ந்து அந்தக் கூடைக்குள் அடங்க வேண்டும், சுற்றிலும் காற்றுப் போக இரண்டு சென்டிமீட்டர் வழியும் விட வேண்டும். மிச்சமிருக்கும் இடத்தில் பன் ஒன்று சுடலாம். பிடிவாதமாகச் செய்தால் எதையும் எதிலும் செய்யலாம் தம்பி, இஸ்திரிப் பெட்டியில்கூட ரொட்டி வாட்டுகிறார்கள்.

திருகாணி:
நடுவில் ஒரு வழி உண்டு. ஃபேனுக்குத் தனி சுவிட்ச் இருக்கும் 20, 25 லிட்டர் ஓவன்கள் வருகின்றன, 'ஏர் ஃப்ரை' என்று ஒரு நிலையும் வைத்திருப்பார்கள்.

மொறுமொறு:
அதையும் என் தங்கை வீட்டில் பார்த்தேன். பெட்டி பெரிசு, காற்றின் வேகம் கம்மி, கூடையில் பதினெட்டு நிமிடத்தில் ஆகும் கோழி அதில் முப்பது பிடிக்கிறது. மேலே தட்டில் இருப்பது கீழே சொட்டி, கண்ணாடிக் கதவெல்லாம் எண்ணெய். இரண்டு வேலையும் செய்யும், இரண்டும் அரைகுறை. அதற்கு உங்கள் பழைய ஓவனையே வைத்துக்கொள்ளலாம்.

பசிக்கிறது:
முதல் தடவையாக இவர் ஓவனுக்கு ஆதரவாகப் பேசியிருக்கிறார். எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

இடமில்லாச் சமையலறை:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை நண்பர் வீட்டு ஏர் ஃப்ரையரை இரவல் வாங்கி வந்து பரீட்சை வைத்தேன். தோலோடு கோழித்தொடை நாலு, ஒரே மசாலா, இரண்டு இங்கே இரண்டு அங்கே. ஏர் ஃப்ரையரில் 190இல் இருபத்திரண்டு நிமிடம், தோலைக் கத்தியால் தட்டினால் டக் டக் என்று சத்தம் கேட்டது. ஓவனில் நாற்பது நிமிடம் ஆகியும் மேலே நிறம் வந்ததே தவிர அடியில் தோல் தொளதொளவென்றுதான் இருந்தது. எதிர்க்கட்சி வாயைத் திறக்கவில்லை, சிரித்தது மட்டும்தான்.

கேக்கில் நான் ஜெயித்தேன், ஆனால் பெரிய வித்தியாசத்தில் இல்லை. மொறுமொறு சொன்னபடி 20 டிகிரி குறைத்து, இன்னும் பத்து குறைத்து, 150இல் ஃபாயிலை இறுக்கிக் கட்டி வைத்ததில் கேக் வெந்துவிட்டது. மேலே வெடிப்பு இருந்தது, அடிப்பக்கம் வெளிறிப் போய் கொஞ்சம் ஈரமாக இருந்தது. மாவுக்கை அக்கா பார்த்தால் கேக் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்புறம் நாள்காட்டியை எடுத்து, போன மாதம் ஓவனை எதற்கெல்லாம் போட்டோம் என்று நினைவு இருக்கும்வரை எண்ணினோம். இருபத்தொரு தடவை. கேக் இரண்டு, பிரெட் பூஜ்யம். மிச்சம் பத்தொன்பதும் கூடைக்குள் அடங்கும் வேலை. ஆகவே தோற்றுவிட்டேன், ஓவனைக் கொடுக்கிறோம். கேக் இனிமேல் கப்பில்தான்.

மாவுக்கை:
உங்கள் வீட்டுக்கு அதுதான் சரி, எண்ணிப் பார்த்துவிட்டீர்களே, நான் என்ன சொல்ல. ஓவனை யாருக்காவது கொடுத்தாகிவிட்டதா?

இடமில்லாச் சமையலறை:
இன்னும் இல்லை. ஏன்?

மாவுக்கை:
ரப்பர் தளர்ந்ததுதானே குறை. திருகாணி, அது மாற்றக்கூடியதுதானே?

திருகாணி:
கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். ஆறிய ஓவனில் செய்ய வேண்டும். எந்த மூலையில் தடையில்லாமல் வழுக்கி வருகிறதோ அங்கே சூடு கசிகிறது. அளவு சரியாகக் கிடைத்தால் ரப்பர் மாற்றுவது அரை மணி நேர வேலை.

மொறுமொறு:
அக்கா, உங்கள் வீட்டில்தான் ஏற்கெனவே ஒரு ஓவன் இருக்கிறதே!

மாவுக்கை:
இருந்தால்? ஒன்றில் பிரெட் 230இல் இருக்கும்போது இன்னொன்றில் பிஸ்கட் 160இல் வைக்கலாம். சமையலறையில் அலமாரிகூட ஒன்று குறைவாகத்தான் இருக்கிறது.