நேரில் பார்த்தவர்கள் இருக்கும்போதே கட்டுக்கதை கிளம்புமா?

கிழக்குவாசல்:
"பார்த்தவன் உயிரோடு இருக்கும்வரை கட்டுக்கதை எடுபடாது, இரண்டு தலைமுறையாவது கழியணும்" என்று பழையதாள் சார் நேற்று ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். எனக்கு ஒத்துவரவில்லை. முதல் உலகப் போர், 1914 ஆகஸ்ட் 23, பெல்ஜியத்தில் மோன்ஸ் என்ற ஊர். தங்களைவிடப் பெரிய ஜெர்மன் படையை பிரிட்டிஷ்காரர்கள் ஒரு நாள் முழுக்கத் தடுத்து நிறுத்திவிட்டுப் பின்வாங்குகிறார்கள். செப்டம்பர் 29 அன்று லண்டனில் ஈவினிங் நியூஸ் பத்திரிகையில் ஆர்தர் மேக்கன் ஒரு சிறுகதை எழுதுகிறார்: 1415இல் பிரான்சின் அஜின்கோர்ட்டில் சண்டை போட்ட இங்கிலாந்து வில்லாளிகள் ஆவியாக வந்து அம்பு மழை பொழிகிறார்கள், செத்துக்கிடக்கும் ஜெர்மானியர் உடம்பில் ஒரு காயமும் இல்லை. அடுத்த கோடைக்குள் வில்லாளிகளைக் காணோம், அந்த இடத்தில் தேவதூதர்கள் நிற்கிறார்கள், பாதிரியார்கள் அதை வைத்துப் பிரசங்கம் செய்கிறார்கள். சண்டை போட்ட சிப்பாய் உயிரோடு இருக்கிறான், கதை எழுதியவரும் உயிரோடு இருக்கிறார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை சார்.

பழையதாள்:
தம்பி, பத்திரிகையில் 'இது கற்பனை' என்று போடாமல் கதையைப் போட்டால் நாலு பேர் செய்தி என்று நம்பத்தான் செய்வான். அது ஏமாந்த கதை, புராணம் இல்லை. அதோடு ஜான் சார்ட்டரிஸ் என்ற ராணுவ அதிகாரி, மேக்கன் எழுதுவதற்கு முன்னாலேயே, செப்டம்பர் 5 தேதியிட்ட கடிதத்தில் மோன்ஸில் தேவதூதன் வந்ததாகப் பேச்சு அடிபடுகிறது என்று எழுதியிருக்கிறார். அதையும் சொல்லியிருக்கலாம்.

கிழக்குவாசல்:
சொல்லலாமே. அந்தக் கடிதம் 1931இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது, அதனால் தேதியை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். உங்களுக்காக நம்புகிறேன் என்றே வையுங்கள். ஆகஸ்ட் 23லிருந்து செப்டம்பர் 5 எத்தனை நாள்? 13. நான் ஒரு வருஷம் என்றேன், நீங்கள் இரண்டு வாரத்துக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள், நன்றி. இன்னொன்று, மேக்கன் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் நானே கட்டியது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு பாதிரியார் தன் திருச்சபை இதழுக்காக ஆதாரம் கேட்டு எழுதியிருக்கிறார், மேக்கன் ஆதாரமே இல்லை என்றதும் 'நீங்கள்தான் தவறாக நினைக்கிறீர்கள், நடந்த உண்மையைத்தான் நீங்கள் விரித்து எழுதியிருக்கிறீர்கள்' என்ற மாதிரி அவருக்கே விளக்கம் சொல்லியிருக்கிறார்!

பழையதாள்:
சரி, அமெரிக்காவில் ராஸ்வெல் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ஜூலையில் 'பறக்கும் தட்டு கிடைத்தது' என்று ராணுவத் தளமே அறிக்கை விடுகிறது, உடனே 'இல்லை, வானிலை பலூன்' என்று மறுப்பும் வருகிறது, எல்லோரும் அத்தோடு மறந்துவிடுகிறார்கள். 1978க்கு அப்புறம்தான் அது பூதாகரமாகிறது. முப்பது வருஷம் நினைவு மங்கக் காத்திருந்தது. நான் சொல்வது இதைத்தான்.

அரைக்கிளாஸ்டீ:
இவ்வளவு தூரம் எதற்கு, மெரினாவுக்கு வாங்க. எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர் 24. நான் ஐந்தாம் வகுப்பில் சுற்றுலா போனபோதே சமாதியில் காது வைத்துக் கேட்க வரிசை. கையில் கட்டியிருந்த கடிகாரம் உள்ளே இன்னும் ஓடுதாம். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையால் கல்லைத் துடைத்துவிட்டுக் காதை வைத்தார். எழுந்தபோது கன்னம் முழுக்க மணல். "ஓடுதுப்பா" என்றார். நானும் வைத்தேன், கல் சுட்டது, டக் டக் என்று கேட்டது, சத்தியமாகக் கேட்டது. என் காதுக்குள் ஓடிய ரத்தம்தான் அது என்று பின்னால் புரிந்தது, ஆனால் அன்றைக்குப் பேருந்தில் எல்லாரிடமும் கேட்டதாகத்தான் சொன்னேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், புரளி பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

பழையதாள்:
அருமை. ஆனால் இது என் பக்கம்தான் பேசுகிறது. எம்ஜிஆர் இறந்த தேதியை அந்தப் பாட்டி மறுத்தாரா? கடிகாரம் மேலே ஒட்டிய ஜிகினா. நடந்த சம்பவம் அடியில் அப்படியேதான் இருக்கிறது. மோன்ஸிலும் அப்படித்தான், தேவதூதன் வந்தாலும் வராவிட்டாலும் சண்டை நடந்தது நடந்ததுதான்.

நெட்டிலிங்கம்:
நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விஷயத்தில் சம்பவமே மாறிப்போச்சே சார். 1945 ஆகஸ்ட் 18, தைஹோகுவில், அதாவது இன்றைய தைவானின் தைபேயில், அவர் போன விமானம் விழுகிறது. கூடப் போன ஹபீபுர் ரஹ்மான் தீக்காயத்தோடு பிழைத்து வந்து 'என் கண் முன்னால் இறந்தார்' என்கிறார். நீங்கள் கேட்கிற நேரடி சாட்சி. யார் கேட்டார்கள்? காந்தியே 1946 தொடக்கத்தில் அவர் உயிரோடு இருப்பதாகத் தன் மனம் சொல்கிறது என்றார், அப்புறம் அவரே திருத்திக்கொண்டார். திருத்தியதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பழையதாள்:
போஸ் மரணத்தை விசாரித்த முகர்ஜி ஆணையமே விபத்தில் இறக்கவில்லை என்றுதானே முடித்தது?

நெட்டிலிங்கம்:
அதற்கு முன் ஷா நவாஸ் குழுவும் கோஸ்லா ஆணையமும் விபத்தில்தான் இறந்தார் என்று முடித்தன, முகர்ஜி அறிக்கையை அரசு ஏற்கவில்லை. ஆணையத்தை விடுங்கள். சாட்சி இருந்தால் கதை கிளம்பாது என்றீர்கள், சாட்சி இருந்தார், ஆறு மாதத்துக்குள் கதை கிளம்பிவிட்டது. கேள்வி அதுதான்.

பழையதாள்:
உடலைப் பார்க்காத ஜனங்களுக்குச் சந்தேகம் வரும், அது வேறு. சரி, இரண்டு தலைமுறை என்றதை வாபஸ் வாங்குகிறேன், ஒட்டுமொத்தமாக இல்லை. சம்பவத்தின் கருவை அழிக்க நாளாகும் என்பதில் நிற்கிறேன். அந்தக் கடிகாரத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்: சாவி கொடுக்கிற ரகம் என்றால் ஒன்றிரண்டு நாளில் நின்றிருக்கும். பேட்டரி என்றால் சில வருஷம். ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைந்தால்தான் ஓடும்.

அரைக்கிளாஸ்டீ:
அப்போ உள்ளே கை அசையுதுன்னு சொல்றீங்க.

பழையதாள்:
நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

நெட்டிலிங்கம்:
விவரம் தெரிந்தவர் ஒருவரே சொல்லிவிட்டார் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாச்சு சார். பெரியப்பா மூன்று கும்பிடு அனுப்பியிருக்கிறார்.

கிழக்குவாசல்:
நாலு நிமிஷம்.