புதுப்பிப்பு: பழைய உருவப்படத்தின் மூலையில் இருந்த இரண்டெழுத்துக் கையெழுத்து

உள்ளூர் ஓவியர்களைப் பற்றித் தகவல் திரட்டும்போது கிடைத்த ஒரு பழைய உருவப்படத்தில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று போன மாதம் கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான். அப்படி அடித்தால், தலைமுடி, கோட்டு மாதிரி கரும்பகுதிகளில் நீலம் கலந்த ஒரு உலோக மினுமினுப்பு. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் உள்ள வெள்ளி நாளாக நாளாக மேற்பரப்புக்கு வந்து படிவதால் உண்டாவது அது. ஆக, இது ஓவியமே இல்லை, புகைப்படத்தின் மேல் கையால் வண்ணம் தீட்டியது! லென்ஸ் வைத்துப் பார்த்தால் தூரிகைத் தடம் உதட்டிலும் பொத்தான்களிலும் மட்டும்தான் இருக்கிறது. இத்தனை நாள் ஓவியர் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன், தேட வேண்டியது ஸ்டுடியோக்களை.

அப்புறம் இன்னொருவர் அதே கையெழுத்துள்ள தன் வீட்டுப் படத்தை அனுப்பினார். அதன் அட்டையில் ஸ்டுடியோ பெயர் மை இல்லாமல் புடைப்பாக அழுத்தியிருந்தது; நேராக எடுத்த போட்டோவில் தெரியவில்லை, சாய்த்து எடுக்கச் சொன்னதும் தெரிந்தது. வண்ணம் தீட்டியவர் பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

ஒரு திருத்தம்: சட்டத்துக்குப் பின்னால் இருந்த செய்தித்தாளின் தேதியைப் படத்தின் காலம் என்று எழுதியிருந்தேன். அந்தத் தேதிக்குப் பிறகு எப்போதோ சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் அது காட்டும், படம் அதற்கும் முந்தையதாக இருக்கலாம்.