பார்க்காமல் வாங்கிய புத்தகம், கேட்காமல் வாங்கிய இசைத்தட்டு

மஞ்சள்தாள்:
வேறொரு இழையில் அலமாரி ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார்: "கையில் எடுத்துப் பார்க்காத புத்தகத்துக்கு இணையத்தில் காசு கட்டுவது வாங்குவதே இல்லை, குலுக்கல் சீட்டு எடுப்பது." அங்கேயே பதில் சொன்னால் பேச்சு திசை மாறிவிடும் என்று இங்கே தனி இழை போடுகிறேன். குலுக்கல்தான், மறுக்கவில்லை. எனக்கு அதில்தான் சுகமே.

பல வருடமாகப் பழைய புத்தகமும் இசைத்தட்டும் இப்படித்தான் வாங்குகிறேன். முதலில் பழக வேண்டியது விற்பவர்களின் பாஷை. 'குட்' என்று போட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. 'ஃபைன்', 'வெரி குட்' எல்லாம் தாண்டிக் கீழே இறங்கினால்தான் 'குட்' வரும். பக்கமெல்லாம் இருக்கிறது, மற்றதைக் கேட்காதே என்று பொருள். இசைத்தட்டில் இன்னும் மோசம். பெரும்பாலான விற்பனையாளர்கள் தட்டு சேகரிப்பவர்களுக்கான கோல்ட்மைன் இதழின் தர வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள், அதில் வெறும் 'குட்' வாங்கிய தட்டை ஓடவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே அடைமழையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும். இந்தப் பாஷை பிடிபட்ட பிறகு, ஒரு வரி விவரத்தை வைத்துக்கொண்டு பொருள் எப்படி இருக்கும் என்று மனதில் கட்டிப் பார்ப்பதும், பார்சல் வந்ததும் நாம் எவ்வளவு கோட்டை விட்டோம் என்று தெரிந்துகொள்வதும் ஒரு தனி விளையாட்டு.

போன மாதம் ஒரு பறவைக் கையேடு வந்தது. 1966ஆம் வருடப் பதிப்பு. விவரத்தில் 'முன்பு நூலகத்துடையது, பென்சில் கோடுகள் உண்டு' என்று மட்டும்தான் இருந்தது. பிரித்தால் கடைசி அட்டையின் உட்பக்கம், திருப்ப வேண்டிய நாளை நூலகத்தில் முத்திரை குத்துவார்களே, அந்தத் தேதித்தாள் அப்படியே ஒட்டியிருக்கிறது. 1974இலிருந்து ஏழு வருடத்தில் நான்கே முத்திரை. அப்புறம் ஒன்பது வருடம் யாரும் தொடவில்லை. பிறகு 1990இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு முத்திரை, வரிசையாக. பென்சில் கோடு ஆந்தை அத்தியாயத்தில் மட்டும். மற்ற பக்கங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. யாரோ ஒருவருக்கு மூன்று மாதம் ஆந்தைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. அலமாரி, இதற்கு மேல் என்ன பரிசு விழ வேண்டும் சொல்லுங்கள்?

அலமாரி:
ஆந்தைக் கதை அருமை. ஆனால் அதில் இணையத்துக்கு என்ன பங்கு? அதே தேதித்தாள் ஒரு பழைய புத்தகக் கடையின் அடுக்கில் இருந்தாலும் அதே இடத்தில்தான் ஒட்டியிருக்கும். நான் அதைக் காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்தில் இருக்கிற, நான் தேடியே வராத இன்னொரு புத்தகமும் கண்ணில் பட்டிருக்கும். இணையத்தில் தேடல் பெட்டியில் எழுத்தை அடித்துத் தேடுகிறவருக்குத் தேடினது கிடைக்கும், சரி, ஆனால் என் வீட்டில் இருப்பதில் பாதி நான் தேடாதது.

குலுக்கலில் எனக்கு விழுந்ததைச் சொல்கிறேன். நூறு வருடத்துக்கு முந்தைய பாலைவனப் பயண நூல் ஒன்று, ரொம்ப நாளாகத் தேடினது, 'புதிது' என்று ஒருவர் போட்டிருந்தார். வந்தது என்ன தெரியுமா? யாரோ ஸ்கேன் செய்து வைத்ததை எடுத்து, ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். அட்டையில் கடற்கரைப் படம். பாலைவனத்துக்குக் கடற்கரை! சரி, மணல் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு படித்தால், 112ஆம் பக்கத்தில் ஸ்கேன் செய்தவருடைய கட்டைவிரல், ரப்பர் உறையோடு, கீழே நான்கு வரியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நான்கு வரியில்தான் ஒட்டகம் என்ன ஆனது என்று இருக்கிறது, இன்றுவரை எனக்குத் தெரியாது. வாங்குவதற்கு முன்னால் படித்த வாசகர் கருத்துகளாவது உதவியதா என்றால், அவையெல்லாம் வேறு பதிப்பகம் போட்ட வேறு பதிப்புக்கு எழுதியவை. பழைய நூல் என்றால் எல்லாப் பதிப்பின் கருத்தையும் ஒரே சட்டியில் கொட்டிவிடுகிறார்கள்.

கடைசிபெஞ்ச்:
அந்தக் கட்டைவிரலுக்கு ராயல்டி போகிறதா?

ஃபிளாக்பிரியன்:
இரண்டு பேரும் காகிதத்திலேயே நில்லுங்கள். இசைப் பக்கம் கொஞ்சம் வாருங்கள், கதையே வேறு. 2003 ஏப்ரலில் ஆப்பிள் ஐடியூன்ஸ் என்ற இணைய இசைக் கடையைத் திறந்தபோது இருந்தது 2 லட்சம் பாட்டு, எல்லாவற்றுக்கும் பூட்டு, இஷ்டப்படி நகலெடுக்க முடியாது. 2009இல் பூட்டைக் கழற்றினார்கள். கலைஞர்களே நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் 2008இல் வந்தது, முதலிலிருந்தே பூட்டில்லாத கோப்பு, ஃபிளாக் வேண்டுமா எம்பி3 வேண்டுமா நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஃபிளாக் என்றால் கோப்பின் அளவைச் சுருக்கும், ஒலியில் ஒரு துளியையும் தள்ளாது. 2020 மார்ச் 20, ஊரடங்கு தொடங்கிய சமயம், ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கத் தங்கள் பங்கை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யாரோ ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து பதிவு செய்த நாற்பது நிமிட இசையை நான் வாங்குகிறேன், அடுத்த நாள் அவரே நன்றி என்று எழுதுகிறார். எந்தக் கடை அடுக்கில் இது நடக்கும்?

வேடிக்கைக்கும் குறைவில்லை. செவ்வியல் இசை வாங்கிப் பாருங்கள். 'கலைஞர்' என்ற கட்டத்தில் இயற்றியவர் பெயரா, நடத்துனர் பெயரா, இசைக்குழுவின் பெயரா என்று ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மாதிரி நிரப்பும். பிளேயர் அகர வரிசையில் அடுக்கும்போது சிம்பொனியின் நடுப்பகுதியான அடாஜியோ முன்னால் வந்து நிற்கும், தொடக்கம் மூன்றாவதாக ஓடும். சிடியும் யோக்கியமில்லை. பெரும்பாலான சிடிக்குள் பாட்டின் பெயரே கிடையாது. ஒவ்வொரு பாட்டும் எந்த நொடியில் தொடங்குகிறது என்ற கணக்கை வைத்துத்தான் கணினி இணையத்தில் தேடிப் பெயர் போடுகிறது. இரண்டு சிடிக்குக் கணக்கு ஒத்துப்போனால் போச்சு. என்னிடம் இருந்த தாலாட்டுப் பாட்டு சிடி ஒன்று, சாவைப் பற்றிப் பத்துப் பாட்டு பாடிய ஒரு மெட்டல் குழுவின் பெயரில் கணினிக்குள் ஏறியது. மாற்றவே இல்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

அலமாரி:
"வாங்குகிறேன்" என்கிறீர்களே, அந்தச் சொல்தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. 2009 ஜூலையில் என்ன நடந்தது? உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்று காரணம் சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஆர்வெல்லின் '1984' பிரதிகளை அமேசான் அந்த வாசகர்களின் கிண்டில் மின்னூல் கருவியிலிருந்து அழித்தது. எழுதி வைத்ததை அரசாங்கமே அழிக்கிற கதை அது, வேறு ஒரு புத்தகம் கிடைக்கவில்லையா அவர்களுக்கு! காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு நிறுவனத் தலைவரே மன்னிப்புக் கேட்டார், அதெல்லாம் சரி. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற நூலெல்லாம் சேர்ந்தே போனது. அங்கேயும் காசு திரும்பியது. நான் கேட்பது காசையா? ராத்திரி ஒருவர் வீட்டுக்குள் புகுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசையில் பணத்தை வைத்துவிட்டுப் போனால் அதற்குப் பெயர் என்ன? 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைக்கும் வழியையும் எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று. நான் வாங்கிய புத்தகத்தை நான் விற்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இலேயே சொன்ன விஷயம். ஆனால் வாங்கிய பாட்டுக் கோப்பை மறுவிற்பனை செய்ய வழி செய்த ரீடிஜி என்ற நிறுவனம் 2018இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. மின்னூலுக்கு ஐரோப்பிய நீதிமன்றமும் அடுத்த வருடம் அப்படியே சொல்லிவிட்டது. என் தட்டை நாளைக்கு நான் தங்கைக்குக் கொடுப்பேன். உங்கள் கோப்பை?

ஃபிளாக்பிரியன்:
பூட்டின கோப்பையும் பூட்டாத கோப்பையும் ஒரே கட்டாகக் கட்டுகிறீர்கள். நான் இறக்கி வைத்தது மூன்று ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, கடை நாளைக்கே மூடினாலும் ஒரு பாட்டையும் யாரும் தொட முடியாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறதே, வெறும் உரிமத்தைக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தான் போடக் கூடாது என்று? அதிலேயே நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய கோப்புக்கு விலக்கு உண்டு, ஏனென்றால் அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. விற்க முடியாது என்பது உண்மை, அதில் எனக்குப் பதிலில்லை. ஆனால் நான் விற்கிற ஆள் இல்லை.

நிழல்வாசகி:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், அலமாரியின் 'கையில் எடுத்துப் பார்த்து' என்பதற்காக எழுதுகிறேன். எனக்குப் பார்வை குறைவு. அச்சுப் புத்தகம் என்னைப் பொறுத்தவரை கோடு கோடாகச் சாம்பல் பட்டை. கையில் எடுத்துப் பார்த்தால் கனம் தெரியும், வாசனை தெரியும், அவ்வளவுதான். மின்னூலில் ஒரு வரிக்கு நான்கு சொல் வருகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படிக்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு முதல் அத்தியாயத்தை இலவசமாக இறக்கி, பிடித்தால் வாங்குகிறேன். (பிடிக்காமலும் வாங்கியிருக்கிறேன், அந்த நேரத்தில் விரல் சொன்ன பேச்சு கேட்காது.) கடன் கொடுக்க முடியாது, பக்க எண்ணுக்குப் பதில் 37 சதவீதம் என்று காட்டும், நாளைக்கு அழிக்கவும் செய்வார்கள், எல்லாம் தெரிந்துதான். ராத்திரி வீட்டுக்குள் புகுகிறவர் கதை நன்றாக இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் என்னிடம் ஒரு அலமாரியே இல்லை.

அலமாரி:
நிழல்வாசகி, இதை நான் யோசித்திருக்க வேண்டும். 'வாங்குவதே இல்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னது தப்பு. பூட்டு விஷயத்தில் மட்டும் பின்வாங்க மாட்டேன். எழுத்தைப் பெரிதாக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, விற்றதை அழிக்காமல் இருக்கவும் தெரியும்.

கடைசிபெஞ்ச்:
ஒரு தடவை பரிசு கொடுக்க மீன் வளர்ப்பு நூல் வாங்கினேன். இரண்டு வருடமாக அந்தக் கடை எனக்குப் பரிந்துரைப்பதெல்லாம் மீன், மீன் தொட்டி, மீனுக்கு வரும் வியாதி.

மஞ்சள்தாள்:
பரிந்துரைக்கே இப்படியா? விலைக் கூத்தைக் கேளுங்கள். 2011இல் அமேசானில் ஈ எப்படி உருவாகிறது என்பது பற்றிய ஒரு அறிவியல் நூலுக்குப் போட்டிருந்த விலை 2 கோடியே 36 லட்சம் டாலருக்கு மேல் ஏறிப் போனது. தபால் செலவு தனி! புதுப் பிரதி வைத்திருப்பதாகச் சொன்னது இரண்டே பேர். ஒருவருடைய நிரல் தினமும் அடுத்தவர் விலையில் 0.9983 மடங்கு போடும், அதாவது கொஞ்சமே கொஞ்சம் குறைவாக. அடுத்தவருடைய நிரலோ முதலாமவர் விலையைப் போல ஏறக்குறைய 1.27 மடங்கு. மனிதர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, இரண்டு நிரலும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டே போயின. மைக்கேல் ஐசன் என்ற உயிரியலாளர் கவனித்து எழுதியதால்தான் வெளியே தெரிந்தது. அதிக விலை போட்டவரிடம் புத்தகமே இருந்திருக்காது, யாராவது ஆர்டர் போட்டால் மற்றவரிடம் வாங்கி அனுப்பலாம் என்றிருப்பார் என்பது அவருடைய ஊகம்.

எனக்கு இதெல்லாம் குறையாகவே தெரியவில்லை, காடு என்றால் அப்படித்தான் இருக்கும். 1970க்கு முந்தைய நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண் கிடையாது, அதனால் பெயரை அடித்துத்தான் தேட வேண்டும், விற்பவர் தப்பாக அடித்திருந்தால் வேறு யார் கண்ணிலும் படாது. நான் வேண்டுமென்றே தப்பாக அடித்துத் தேடுவேன். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி பெயரை மட்டும் ஆறு விதமாக அடித்து இரண்டு நல்ல தட்டு பிடித்திருக்கிறேன். ஒன்றை வாங்குவதற்கு முன், பாட்டு முடிந்து லேபிள் தொடங்குகிற இடத்தில் கீறியிருக்கும் எண்ணைப் படித்துச் சொல்ல முடியுமா என்று விற்பவரிடம் கேட்டேன், எந்த அச்சு என்று அதை வைத்துத்தான் தெரியும். மனிதர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பதினோரு படம் அனுப்பினார். ஏழாவது படத்தில் தட்டின் கறுப்பில் ஒரு பூனையின் முகம் தெரிகிறது. எண்ணை விட அதற்காகத்தான் வாங்கினேன்.

அலமாரி:
பூனை, ஆந்தை என்று பேச்சை நன்றாகத்தான் திருப்புகிறீர்கள். சரி, ஆந்தைக்கே வருகிறேன். நூலகம் ஒரு புத்தகத்தைக் கழித்து வெளியே விட்டால் 'நீக்கப்பட்டது' என்று ஒரு முத்திரை போடுவார்கள். உங்கள் பிரதியில் அது இருக்கிறதா?

மஞ்சள்தாள்:
எடுத்து வந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் இல்லை. கடைசிப் பக்கத்தில் இல்லை. தேதித்தாளிலும் இல்லை.

அலமாரி:
அப்படியானால் அந்த ஆறாவது முத்திரைக்குப் பிறகு அது நூலகத்துக்குத் திரும்பவே இல்லை. ஆந்தைக்காரர் அப்படியே வைத்துக்கொண்டுவிட்டார், அவருக்குப் பிறகு யாரோ விற்றிருக்கிறார்கள். எனக்குக் கோப்பைப் பற்றிப் பாடம் நடத்தியவர்கள் இப்போது சொல்லுங்கள், அந்தக் கையேடு யாருடையது?

ஃபிளாக்பிரியன்:
என்னை இதில் இழுக்காதீர்கள்.

நிழல்வாசகி:
முகவரி அந்தப் பழைய முத்திரையில் இருக்குமே. திருப்பி அனுப்பப் போகிறீர்களா?

மஞ்சள்தாள்:
இருக்கிறது. ஆந்தை அத்தியாயம் முடியட்டும்.