ஸ்பானிய மொழியில் சம்பந்தியம்மாவிடம் அன்பைத் தெரிவிப்பது எப்படி?

கேள்வி (பெருந்துறை):
ஸ்பெயினின் வலென்சியாவில் பணிபுரியும் என் தம்பி, அவ்வூர்ப் பெண்ணை வரும் தை மாதம் இங்கே மணக்கவிருக்கிறான். மணமகனின் உடன்பிறந்தவள் அமரும் திருமணச் சடங்கான இணைச்சீருக்கு அமரப்போகும் அக்கா நான். பெண்ணின் தாயார் எனக்கு அனுப்பும் செய்திகள் எல்லாம் ‘பெசோஸ்’, அதாவது முத்தங்கள், என்றே முடிகின்றன. நான் ‘தே அமோ’, அதாவது உங்களை நேசிக்கிறேன், என்று பதில் எழுதலாமா?

பதில் (கோவை):
வேண்டாம் அக்கா. ஸ்பெயினில் ‘தே அமோ’ பெரும்பாலும் காதலர்க்கும் தம்பதியர்க்கும் உரியது; பெற்றோரிடமும் உடன்பிறந்தாரிடமும் நெருங்கிய நண்பரிடமும் அதே பொருளில் ‘தே கியேரோ’ என்பார்கள், காதலர்களும் அன்றாடம் அதையே சொல்வார்கள். நேரில் இன்னும் காணாத சம்பந்தியம்மாவுக்கு இரண்டுமே சற்று மிகை. ‘ஊன் அப்ராசோ’, ஓர் அணைப்பு, என்று முடித்தால் மரியாதையும் பாசமும் ஒருசேர அமையும். நீங்கள் பெண் என்பதால் ‘பெசோஸ்’ என்றே திருப்பி எழுதினாலும் பொருத்தம்தான்.

பதில் (ஈரோடு):
நேரில் வரும்போது அவர் உங்கள் இரு கன்னங்களிலும் கன்னம் வைத்து முத்தமிடுவார்; லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் ஒன்றே போதும், ஸ்பெயினில் இரண்டு. வீட்டில் அம்மாயி இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்கள் நாட்டுத் தேவாலயத் திருமணங்களில் மணமகனின் தாயே ‘மத்ரீனா’வாக அவனைப் பீடம்வரை அழைத்துச் செல்வது மரபு என்பதால், உடன்பிறந்தவள் இணைச்சீரில் அமர்வதன் அருமை அவருக்கு எளிதில் விளங்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அவர் என்னைக் ‘கரீன்யோ’, அதாவது கண்ணே, என்கிறாரே, நானும் அப்படியே அழைக்க வேண்டுமா?

பதில் (கோவை):
தேவையில்லை. அது மூத்தவர் வாஞ்சையோடு விளிப்பது. நீங்கள் அவரைப் பெயர் சொல்லியே அழைக்கலாம். அங்கே அது மரியாதைக் குறைவாகாது.