கலைச்சொல் விவாதம்: ‘அரை எதேச்சாதிகார’ அரசும் ‘தொண்டு’ நிறுவனமும்

தேவகோட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கல்லூரி அரசியல் அறிவியல் பாடக் குறிப்பு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘செமி அத்தாரிட்டேரியன்’ என்பதற்கு ‘அரை எதேச்சாதிகாரம்’ என்றும், ‘சிவில் சொசைட்டி ஆர்கனைசேஷன்’ என்பதற்குத் ‘தன்னார்வத் தொண்டு நிறுவனம்’ என்றும் எழுதியிருக்கிறேன். ரஷ்யச் சட்டத்தில் வருகிற ‘ஃபாரின் ஏஜென்ட்’டுக்கு நாளிதழ்களைப் பார்த்து ‘வெளிநாட்டு முகவர்’ என்று போட்டேன். மூன்றும் சரிதானா, சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

ஆச்சி, வணக்கம். மூன்றையுமே மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம். காரணங்களை எழுதிவிடுகிறேன்.

எதேச்சை என்றால் மனம்போன போக்கு. நீங்கள் விளக்கவரும் அரசுகள் மனம்போனபடி எதுவும் செய்வதில்லை. மசோதா கொண்டுவந்து, பிரிவு எண் கொடுத்து, நோட்டீஸ் அனுப்பி, வாய்தா கொடுத்துச் செய்கின்றன. தேர்தல் நடக்கும், எதிர்க்கட்சி நிற்கும், நீதிமன்றம் திறந்திருக்கும். சங்கத்தின் கதவை யாரும் பூட்டுவதில்லை. கதவுக்கு முன்னால் ஒரு மேஜையைப் போட்டுப் படிவம் கேட்பார்கள். சட்டத்தையே கருவியாக வைத்திருக்கும் ஆட்சிக்கு ‘எதேச்சை’ நேர் எதிரான சொல். ‘வல்லாட்சி’ பொருந்தும். ‘போட்டி வல்லாட்சி’, ‘முழு வல்லாட்சி’ என்று கிளைச்சொற்களும் அதிலிருந்து தடையில்லாமல் பிறக்கும். உங்களுக்கு வேண்டியது ‘அரைவல்லாட்சி’.

‘தொண்டு நிறுவனம்’ இதைவிடப் பெரிய சிக்கல். அரைவல்லாட்சியின் முழுச் சூட்சுமமும் தொண்டையும் கேள்வியையும் பிரித்துவைப்பதில்தான் இருக்கிறது. கண் சிகிச்சை முகாம் நடத்தலாம், கிணறு வெட்டலாம், அனுமதி உண்டு. கிணற்றுக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று கேட்டால் அது ‘அரசியல் செயல்பாடு’ ஆகிவிடும். எத்தியோப்பியாவின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் (621/2009) இந்த எல்லைக்கோட்டை வெளிப்படையாகவே போட்டது. மனித உரிமை, பாலினச் சமத்துவம், குழந்தை உரிமை, பிணக்குத் தீர்வு போன்றவற்றில் வேலை செய்யும் அமைப்பு, தன் வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கக் கூடாது. ஆண்டு வரவு 50 லட்சம் என்றால் வெளியிலிருந்து 5 லட்சம்தான் வரலாம், மீதி 45 லட்சத்தை உள்ளூரில் திரட்ட வேண்டும். ஏழை நாட்டில், அரசைக் கேள்வி கேட்கும் அமைப்புக்கு உள்ளூர் வியாபாரி எவர் பெயர் போட்டுப் பணம் கொடுப்பார்? மனித உரிமைக் கழகம், பெண் வழக்கறிஞர் சங்கம் இரண்டின் வங்கிக் கணக்குகளும் முடங்கின. வேறு பல அமைப்புகள் நோக்கத்தை மாற்றி எழுதிக்கொண்டு சேவைப் பணிக்குப் போய்விட்டன.

அதே சட்டத்தில் நிர்வாகச் செலவு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இன்னொரு வரி. படிக்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பயிற்சி, பயணம், கள ஆய்வு ஆகியவற்றையும் நிர்வாகச் செலவில் சேர்த்தார்கள். மருந்து வாங்குகிற அமைப்பின் வரவு செலவுக் கணக்கில் மருந்து ‘திட்டச் செலவு’. ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் திரட்டுகிற அமைப்புக்குப் பேருந்துக் கட்டணமும் ஆள் சம்பளமும்தானே வேலையே? அது ‘நிர்வாகம்’ என்று ஆனதும், ஒரு ரூபாய் தவறாகச் செலவழிக்காமலே அமைப்பு சட்டத்தை மீறிவிடுகிறது. 2019-இல் அந்தச் சட்டம் போய் வேறு சட்டம் வந்தது. பாடத்தில் இந்த 10, 30 இரண்டு எண்களும் இருக்க வேண்டும் ஆச்சி. மாணவர்களுக்கு நெருக்கடி எப்படி வருகிறது என்பது எண்ணில்தான் பிடிபடும்.

நாமே எல்லா அமைப்பையும் ‘தொண்டு’ என்று எழுதினால் அந்த அரசு போட்ட கோட்டை நம் தமிழிலும் போட்டவர்களாகிறோம். பொதுச்சொல் ‘குடிமை அமைப்பு’ என்று இருக்கட்டும். அதற்குள் சேவை செய்வது ‘தொண்டமைப்பு’. அரசின் கணக்கையும் தேர்தலையும் பார்ப்பது ‘விழிப்பமைப்பு’. ‘கண்காணிப்பு அமைப்பு’ என்று எழுத வேண்டாம். கண்காணிப்பு என்பது அரசு குடிமக்கள்மேல் செய்வது. கேமராவும் கண்காணிப்பாளரும் அந்தப் பக்கம்தான். நம் ஊர்க்காரர்கள் பிழைக்கப் போன மலாயாத் தோட்டங்களில் கங்காணி யார் பக்கம் நின்றார் என்பதும் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி ‘முகவர்’. தமிழில் எல்ஐசி முகவர் உண்டு, தபால் சேமிப்பு முகவர் உண்டு, வாக்குச்சாவடி முகவர் உண்டு. கெட்ட வாடையே இல்லாத சொல். ரஷ்யக் காதில் ‘ஃபாரின் ஏஜென்ட்’ ஒற்றன் என்று விழுகிறது. 2012-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வசவை நம்பித்தான் எழுதப்பட்டது. வெளிநாட்டுப் பணம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதோடு ‘அரசியல் செயல்பாடு’ சேர்ந்தால், அமைப்பு அந்தப் பட்டத்தோடு பதிய வேண்டும். தன் வெளியீடுகளிலும் அந்தப் பட்டத்தைப் போட வேண்டும். தேர்தலைப் பார்வையிட்டுவந்த ‘கோலோஸ்’ அமைப்புக்கு 2013-இல் மூன்று லட்சம் ரூபிள் அபராதம். காட்டிய காரணம், நார்வேயிலிருந்து வந்த ஒரு விருதின் பரிசுத்தொகை, ஏழாயிரத்துச் சொச்சம் யூரோ. அந்தத் தொகையை அவர்கள் எடுக்காமல் திருப்பியனுப்பியிருந்தார்கள். 2022-இல் வந்த சட்டத்தில் பணமே வரத் தேவையில்லை, ‘வெளிநாட்டுச் செல்வாக்கு’ இருந்தால் போதும் என்றாகிவிட்டது. ஆகவே ‘வெளிநாட்டுக் கையாள்’ என்று மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். வசவு சட்டத்துடையது, நம்முடையது இல்லை என்பதைக் குறி காட்டிவிடும். ஜார்ஜியாவின் 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொல் வேறு, வெளிநாட்டு வருமானம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பதிய வேண்டும் என்பது வரம்பு. அங்கே ‘அயல் சக்தியின் நலன் பேணும் அமைப்பு’ என்று அச்சட்டத்தின் சொல்லையே தர வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்க்காதீர்கள்.

அரசே பின்னாலிருந்து நடத்தும் ‘கான்கோ’வுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ‘பினாமி அமைப்பு’ என்றால் பொன்னமராவதிச் சந்தையில்கூடப் புரியும்.

கடைசியாக ஒரு யோசனை. உள்ளூரில் திரட்டும் நிதிக்கு ‘மகமை’ என்ற நம் சொல் இருக்கிறதே, எடுத்துக்கொள்ளலாமா?

பொன்னமராவதியிலிருந்து:

அண்ணே, குடிமை அமைப்பு, விழிப்பமைப்பு, கையாள் மூன்றுக்கும் உடன்படுகிறேன். மகமைக்கு உடன்பட முடியவில்லை. மகமை வியாபாரத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் பங்கு. புள்ளி வரியும் அப்படியே: கல்யாணமான குடும்பத்தைப் புள்ளி என்று கணக்கிட்டு வாங்குவது. இரண்டும் பிறப்பாலோ தொழிலாலோ ஒரு கூட்டத்துக்குள் இருப்பவரிடம் உரிமையோடு வாங்குகிற பணம். கோயிலும் ஊரணியும் சத்திரமும் அதில்தான் நின்றன, அதன் பெருமையைக் குறைக்கவில்லை. ஆனால் குடிமை அமைப்பின் உயிரே, யார் வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம் என்பதில் இருக்கிறது. ‘உள்ளூர்க் கொடை’ போதும்.

இன்னொன்று, ‘அரை’ இடிக்கிறது. அரைகுறை, அரைவேக்காடு என்று போகிறது. நாளைக்கு முழு மக்களாட்சியாகிவிடும், இது வழியில் நிற்கும் நிலை என்று மாணவர் நினைப்பார்.

பதிவு பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்திலும் ஏழு என்ற எண் உண்டு. அங்கே ஏழு பேர் கூடினால் பதிந்தே ஆக வேண்டும், பதியாவிட்டால் சட்டவிரோதச் சங்கம். இங்கே ஏழு தகுதி, அங்கே ஏழு பொறி. ‘பதிவு’ என்று வெறுமனே எழுதினால் இந்த வேறுபாடு தெரியாது. ‘விருப்பப் பதிவு’, ‘கட்டாயப் பதிவு’ என்று பிரித்துவிடலாம். அங்கே சுவாரம் என்ற மனித உரிமை அமைப்பு சங்கமாகப் பதியாமல் கம்பெனியாகப் பதிந்து இயங்கியது. 2012-இல் கம்பெனிப் பதிவு ஆணையம் அதன் கணக்கைக் கேட்டு வந்தது. ஒரு சட்டத்திலிருந்து விலகினால் இன்னொரு சட்டம் எதிரே நிற்கும் என்பதற்கு இது போதுமான எடுத்துக்காட்டு.

காரைக்குடியிலிருந்து:

மகமை பற்றிச் சொன்னது சரி, எடுத்துவிடலாம். பதிவுப் பிரிவும் கட்டாயம் வேண்டும்.

‘அரை’யை மட்டும் விட மனமில்லை. அரைப்படி என்பது நிரம்பாத படி இல்லை. அதற்கென்று தனிப் பாத்திரம் உண்டு, தலைதட்டி அளந்தால் அது முழு அரைப்படி. மலேசியாவில் ஒரே கூட்டணி 1957 முதல் 2018 வரை தேர்தல் நடத்தி நடத்தியே ஆண்டது. 61 ஆண்டு நின்றதை ‘வழியில் நிற்கும் நிலை’ என்று யார் சொல்வார்கள்? சேர்த்து ‘அரைவல்லாட்சி’ என்று ஒரே சொல்லாக எழுதினால் அளவுப் பெயராக நிற்கும். பிரித்து எழுதினால்தான் நீங்கள் சொல்லும் அரைகுறை வாடை வரும்.

தேர்தல் பகுதியில் ‘இணை வாக்கு எண்ணிக்கை’ என்று ஒரு சொல் கண்ணில் பட்டது ஆச்சி. விழிப்பமைப்பு ஓட்டை எண்ணுவதில்லை. அரசு சொல்லும் முடிவைச் சரிபார்க்க, வாக்குச்சாவடிகளைக் குலுக்கல் முறையில் முன்கூட்டியே தேர்ந்து, அங்கே எண்ணி முடித்துக் கையெழுத்தான தாளைப் பார்வையாளர் பிரதி எடுத்து, தலைமையிடத்துக்குச் சொல்ல, அங்கே கூட்டுகிறார்கள். எனவே ‘இணை முடிவுத் தொகுப்பு’. பிழை வருவதும் கூட்டலில் இல்லை: நகரத்துச் சாவடிகளின் தகவல் முதலில் வந்துவிடும், மலையோரச் சாவடிகள் பிந்தும், அவசரப்பட்டு இடையிலேயே அறிவித்தால் நகரத்து ஓட்டுதான் நாட்டின் ஓட்டாகத் தெரியும். தேர்ந்த சாவடிக்குப் போக முடியாமல் பக்கத்துச் சாவடிக்குப் போய்விட்டாலும் கணக்கு கெடும். பிலிப்பைன்ஸில் 1986-இல் ‘நாம்ஃபிரெல்’ அமைப்பு தொகுத்த முடிவு அரசு சொன்னதற்கு மாறாக வந்தது. அங்கே மாதிரிச் சாவடிகளோடு நிறுத்தாமல் எல்லாச் சாவடியையும் தொகுக்க முயன்றார்கள் என்பதை அடிக்குறிப்பில் சேருங்கள், இரண்டு முறைகளும் கலந்துவிடக் கூடாது.

தேவகோட்டையிலிருந்து:

இருவருக்கும் நன்றி. அரைவல்லாட்சி, குடிமை அமைப்பு, தொண்டமைப்பு, விழிப்பமைப்பு, பினாமி அமைப்பு, கட்டாயப் பதிவு, இணை முடிவுத் தொகுப்பு ஆகியவற்றை ஏற்றிவிட்டேன். ‘முகவர்’ பதினொரு இடத்தில் இருந்தது, எட்டை மாற்றியாயிற்று. மீதி மூன்றும் வாக்குச்சாவடி முகவர். அவை அப்படியே இருக்கும். ஹங்கேரியின் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்க்கிறேன்: ஆண்டுக்கு வெளிநாட்டுப் பணம் 72 லட்சம் ஃபோரின்டை எட்டினால் பதிய வேண்டும் என்பது வரம்பு, 2020-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் எதிராகத் தீர்ப்பளித்தது, 2021-இல் நீக்கப்பட்டது. அதில் வரும் ‘வெளிநாட்டு ஆதரவு பெறும் அமைப்பு’ என்பதை மேற்கோள் குறி இல்லாமல் விடலாமா என்று மட்டும் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.